பழுதும் பக்குவமும்

பதறாத காரியம் சிதறாது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. பள்ளிக்கூடத்திலே முப்பத்தைந்து வருடகாலம் பிள்ளைகளுக்கு நானும் அதைச் சொல்லிக்கொடுத்தவன்தான். ஆயினும், சொல்லிக்கொடுப்பது வேறு, கற்றுக்கொள்வது வேறு. அந்தப் பழமொழியை நான் உண்மையிலே கற்றுக்கொண்டது சென்ற ஆண்டு மாசி மாதத்தில், மருதனார்மடச் சந்திக்குச் சற்று வடக்கே, காங்கேசன்துறை வீதியின் ஓரத்திலே, அசைய மறுத்த ஒரு மோட்டார் சைக்கிளைப் பிடித்தபடி நின்ற வேளையிலேதான்.

அந்த வண்டி என் தகப்பனார் 1957ஆம் ஆண்டிலே கொழும்பில் வாங்கி ரயிலிலே ஊருக்குக் கொண்டுவந்தது. பி.எஸ்.ஏ. கம்பெனியாரின் பி 31 என்னும் வகை. பர்மிங்காம் நகரத்துத் துப்பாக்கித் தொழிலாளர் 1861ஆம் ஆண்டிலே கூடி அமைத்த கம்பெனி அது. மூன்று துப்பாக்கிகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய உருவமே அதன் முத்திரை. ஒற்றைச் சிலிண்டர், 348 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, உள்விட்டம் 71 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 88 மில்லிமீட்டர். கணக்கு வாத்தியாரான என் தகப்பனார் இந்த எண்களை வாய்பாடுபோல ஒப்புவிப்பார். உடுவிலிலே அவ்வண்டியின் சத்தத்தைக் கேட்டு நேரம் பார்த்தவர்களும் உண்டு.

அவர் காலத்துக்குப் பின் அது என் கைக்கு வந்தது. இரண்டு வருடம் கொட்டிலிலே சும்மா நின்ற வண்டியைச் சென்ற ஆண்டு தைப்பொங்கலுக்குப் பின் வெளியே எடுத்தேன். பழைய ஒயிலை வடித்துவிட்டு, தேன்போலத் தெளிந்த, விலை உயர்ந்த, இக்காலத்து எஞ்சின் ஒயிலை வாங்கி ஊற்றினேன். வண்டிக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டதாக எனக்கு எண்ணம். மூன்று வாரம் நன்றாகவே ஓடியது. அன்று காலை சுன்னாகம் சந்தைக்குப் போய்த் திரும்புகையில் வேகம் தானாகவே குறைந்தது. எஞ்சினுக்குள்ளே கரகரவென்று ஒரு சத்தம். மறுகணம் பின்சில்லு இறுகிச் சறுக்கியது. கை தன்னிச்சையாகக் கிளச்சைப் பிடித்தபடியால் விழாமல் தப்பினேன்.

அதற்குப் பிறகு நான் செய்த காரியத்தை எண்ணினால் இன்றும் வெட்கமாயிருக்கிறது. தெருவிலே போவோர் பார்க்கிறார்களே என்ற பதற்றத்தில், ஸ்டார்ட் செய்யும் மிதியிலே ஏறி நின்று, என் முழுப் பாரத்தையும் போட்டு மூன்று முறை உதைத்தேன்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த இடம் எங்கள் பகுதியிலே ஐம்பது வருடமாகக் கராச் வைத்திருக்கும் ஒரு பெரியவரின் கொட்டில். என்னிலும் ஐந்தாறு வயது மூத்தவர். நான் நடந்ததைச் சொல்லி மீண்டும் மிதியிலே காலை வைக்கவும், அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"மாஸ்டர், இனி உதையாதேங்கோ. உள்ளுக்கு என்ன நடந்ததெண்டு முதலிலை பாப்பம். ஏன் நடந்ததெண்டு பிறகு பாப்பம். அதுக்குப் பிறகுதான் திருத்திறது."

இந்த மூன்று வசனங்களையும் பற்றியே நான் இங்கே எழுத விரும்புகிறேன். வள்ளுவர் மருந்து அதிகாரத்திலே மருத்துவனுக்கு வகுத்த ஒழுங்கும் இதுவே. நோய் இன்னதென்று அறிய வேண்டும், அதன் மூலத்தைத் தேட வேண்டும், அதன் பின்பே தணிக்கும் வழியை நாட வேண்டும். நாமோ பெரும்பாலும் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறோம். வண்டியானாலும் சரி, வயலானாலும் சரி, ஊர்ச் சங்கமானாலும் சரி, பழுதுபட்டதைக் கண்டவுடன் புதிய பாகத்தைத் தேடி ஓடுகிறோம். பழுதின் காரணம் உள்ளே இருந்தபடியே இருக்கிறது. அது புதிய பாகத்தையும் தின்றுவிடுகிறது.

பெரியவர் முதலிலே செய்த காரியம் காத்திருந்ததுதான். பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தின் வழியே டீசலும் ஒயிலும் கலந்து ஊற்றி, வண்டியை நான்கு நாள் ஒரு மூலையிலே விட்டுவிட்டார். அவரிடம் தொழில் பழகும் இளைஞன் இரண்டாம் நாளே சுத்தியலோடு வந்தான். "அது அலுமினியம் தம்பி, உன்ரை கோபம் அதுக்கு விளங்காது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஐந்தாம் நாள் சிலிண்டரின் தலையைக் கழற்றி, பிஸ்டனின் மேலே பாலை மரக்கட்டை ஒன்றை வைத்து மெல்லத் தட்டினார். அது அசைந்தது. சுத்தியலால் நேரே அடித்திருந்தால் பிஸ்டன் உடைந்திருக்கும். அதன் துண்டுகள் சிலிண்டரையும் கெடுத்திருக்கும்.

பிறகு, எஞ்சினிலிருந்து வடித்த ஒயிலை வெள்ளைத் துணியிலே ஊற்றி வெயிலிலே பிடித்தார். மணல்போல மினுமினுத்தது. ஒரு காந்தத்தை அதன் மேலே மெதுவாக நகர்த்தினார். சில துகள்கள் ஒட்டின, சில ஒட்டவில்லை. ஒட்டியவை உருக்கு, ஒட்டாதவை அலுமினியம். ஆகவே காயம் ஒன்றல்ல, இரண்டு என்று திறந்து பார்க்கு முன்னரே சொல்லிவிட்டார். திறந்தபோது அப்படியே இருந்தது. பிஸ்டனின் இரு பக்கமும் நெடுக்காக உரசுண்டு போயிருந்தன. சிலிண்டரின் சுவரிலே நகத்தால் தடவினால் தட்டுப்படும் கீறல்கள். கனெக்டிங் றொட்டின் அடிக்கண்ணிலே சுழலும் உருக்கு உருளைகள் அம்மைத் தழும்புபோலக் குழி விழுந்திருந்தன. நல்லவேளையாக றொட் வளையவில்லை, எஞ்சினின் வெளிக்கூடு வெடிக்கவில்லை.

என்ன நடந்தது என்பது இவ்வளவில் தெரிந்தது. ஏன் நடந்தது என்பதற்குத்தான் அவர் அதிக நேரம் எடுத்தார். அதைச் சொல்ல வேண்டுமானால் இந்த எஞ்சினின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். இதிலே ஒயில் எஞ்சினின் அடியிலே தேங்கி நிற்பதில்லை. தனியே ஒரு தாங்கி உண்டு. ஒரு பம்பு அங்கிருந்து ஒயிலை எடுத்துக் கிராங்கின் உள்ளே குடைந்த சிறு வழியாக றொட்டின் அடிக்கண்ணுக்கு அனுப்புகிறது. அங்கே இருந்து சிதறும் ஒயிலே சிலிண்டரின் சுவரையும் நனைக்கிறது. அடியிலே விழுந்த ஒயிலைப் பம்பின் மறுபாதி இழுத்து மீண்டும் தாங்கிக்குள்ளே விடுகிறது. ஆகவே அந்தச் சிறு வழி அடைபட்டால் முதலிலே உருளைகள் காயும், அடுத்துச் சிலிண்டர் காயும். வாய்க்கால் அடைபட்ட தோட்டத்திலே கடைசிப் பாத்தி வாடுவது போலத்தான்.

அந்த வழியிலே கறுப்புக் களியொன்று அடைத்திருந்தது. தாங்கியின் அடியிலும் அதே களி. பல வருட ஒயிலின் கசண்டு அது. பழைய ஒயில் அதைத் தொந்தரவு செய்யாமல் இருந்த இடத்திலே விட்டு வைத்திருந்தது. நான் ஊற்றிய புதிய ஒயிலிலோ அழுக்கைக் கரைத்துக் கொண்டுபோகும் மருந்து கலந்திருக்கிறது. சுத்தமாக இருக்கும் எஞ்சினுக்கு அது நன்மை. கசண்டு படிந்த பழைய எஞ்சினுக்கு, உள்ளே திறந்து கழுவாமல் அதை ஊற்றுவது ஆபத்து. கசண்டு பெயர்ந்து வந்து குறுகலான இடத்திலே அடைத்துக்கொள்ளும். உபகாரமென்று நினைத்து நான் செய்ததே வண்டிக்கு எமனாயிற்று.

இன்னுமொரு குற்றமும் என்னுடையது. என் தகப்பனார் தினந்தோறும் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்தவுடன் ஒயில் தாங்கியின் மூடியைத் திறந்து குனிந்து பார்ப்பார். எஞ்சினைச் சுற்றி வந்த ஒயில் சிறு குழாய் வழியே உள்ளே விழுகிறதா என்று கவனிப்பார். அது விழுந்தால்தான் புறப்படுவார். சிறுவனாயிருந்தபோது அதை அவருடைய காலைப் பூசையிலே ஒரு பகுதியென்று நினைத்திருந்தேன். அந்த அரை நிமிஷத்தை நான் விட்டுவிட்டேன். குனிந்து பார்த்திருந்தால், ஒயில் வருவது குறைந்திருப்பதைக் கண்டிருப்பேன்.

அந்தக் களி எப்படி வந்தது என்று கேட்டேன். பெரியவர் ஒரு கணம் யோசித்து, "அது மண்ணெண்ணெய்க் காலத்துக் கணக்கு, மாஸ்டர்" என்றார்.

மண்ணெண்ணெய்க் காலம் என்றால் எங்கள் பகுதியிலே விளக்கம் தேவையில்லை. அயலூர் வாசகருக்காகச் சொல்கிறேன். 1990ஆம் ஆண்டு ஆனியிலே மீண்டும் யுத்தம் மூண்டபோது குடாநாட்டுக்கு வரும் பொருள்களுக்குத் தடை விழுந்தது. பெற்றோலும் பற்றரியும் அப்பட்டியலிலே முன்னே நின்றன. மின்சாரமும் இல்லை. அந்த ஐந்து வருட காலம் யாழ்ப்பாணத்து வீதிகளிலே ஓடிய மோட்டார் வாகனங்களிலே பெரும்பாலானவை மண்ணெண்ணெயிலேதான் ஓடின. கிடைத்தற்கரிய பெற்றோலைச் சிறு போத்தலொன்றிலே மருந்துபோல வைத்துக்கொண்டு, சில துளிகளைக் கார்புரேட்டருக்குள்ளே விட்டு எஞ்சினை எழுப்புவோம். சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓடும். வழியிலே நின்றுவிட்டால் மீண்டும் சில துளி. வீதியெல்லாம் கண்ணைக் கரிக்கும் புகை.

பழைய ஆங்கில வண்டிகளுக்கு அக்காலத்திலே ஒரு மரியாதை ஏற்பட்டது. அவற்றின் எஞ்சினிலே எரிபொருட் கலவை அதிகமாக அமுக்கப்படுவதில்லை. ஆகவே மட்டமான எரிபொருளையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். எங்கள் வண்டியிலே பொறியை உண்டாக்குவது மாக்னிட்டோ. அதற்குப் பற்றரி வேண்டியதில்லை. துப்பாக்கி முத்திரை தாங்கிய வண்டி, துப்பாக்கிச் சத்தத்தின் நடுவிலே அரிசியும் நோயாளரும் ஏற்றி ஓடியது. 1995 ஐப்பசி 30ஆம் நாள் இரவு, வலிகாமம் முழுவதும் எழுந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, என் தாயாரை அதன் பின்னிருக்கையிலே இருத்தித் தள்ளிக்கொண்டு போனேன். அடுத்த ஆண்டு ஊர் திரும்பியதும் அதனோடுதான்.

ஆனால் யந்திரம் தான் பட்ட பாட்டை மறப்பதில்லை. மண்ணெண்ணெய் முழுவதும் ஆவியாகி எரிவதில்லை. எரியாத பங்கு சிலிண்டரின் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, ஒயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. கரி அதிகமாகப் படிகிறது. அடிக்கடி ஒயில் மாற்றினால் சேதம் குறையும். அக்காலத்திலே மாற்ற ஒயில் ஏது? ஒருமுறை பாவித்ததைத் தெளியவைத்து, சேலைத் துணியால் வடித்து மீண்டும் ஊற்றினோம். முப்பது வருடத்துக்கு முன் நாங்கள் பட்ட இல்லாமை, கறுப்புக் களியாக அந்தத் தாங்கியின் அடியிலே கிடந்தது. நான் அதைப் பார்க்காமல் தேனை ஊற்றினேன்.

இந்த இடத்திலே என் அபிப்பிராயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெய்க் காலத்தை இப்போது வீரகதைபோலப் பேசும் வழக்கம் வளர்ந்து வருகிறது. "யாழ்ப்பாணத்தான் தண்ணீரிலும் வண்டி ஓட்டுவான்" என்று பெருமையடித்துக்கொள்கிறோம். அது ஒரே இரவில் முளைத்த மாயவித்தையன்று. எங்கள் செம்மண் தோட்டங்களிலே துலா மிதித்து நீர் இறைத்த காலம் போய், இறைப்பு யந்திரங்கள் வந்தது கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலே. அவற்றிற் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. பெற்றோலிலே எழுப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் முறை அவற்றுக்கென்றே அமைந்தது. மேல்நாடுகளிலும் அக்காலத்து உழவு யந்திரங்கள் சில அவ்வாறே ஓடின. உடுவிலிலும் இணுவிலிலும் சுன்னாகத்திலும் வெங்காயமும் புகையிலையும் செய்த விவசாயி, விடியற்காலையிலே கிணற்றடியில் நின்று பல வருடம் பழகிய பழக்கமே, 1990இல் வீதிக்கு வந்தது. பழகிய கைகள் இருந்தபடியால் பஞ்சத்தைச் சமாளித்தோம். பஞ்சம் வந்த பிறகு பழகியிருக்க முடியாது.

இது பழங்கதையென்று எவரும் எண்ண வேண்டாம். 2020ஆம் ஆண்டு பங்குனியிலே இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டு தொடக்கத்திலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடையிலே, 2022இல், நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீட்டர் என்று அளந்து கொடுத்த காலம் நம் கண்முன்னே நடந்தது. அந்த வருடங்களிலே நாட்டின் வண்டிகளை ஓட வைத்தவர்கள் யார்? ஒயில் படிந்த கையோடு சிறு கொட்டில்களிலே குனிந்திருந்தவர்கள்தான்.

அத்தகைய கொட்டில் ஒன்றிலே என் வண்டி பிரிந்து கிடக்கையில் எனக்கு மூன்று யோசனைகள் வந்தன. தெற்கிலே இருந்து பழைய வண்டிகளைத் தேடி வாங்கும் ஒருவர், கிடக்கிறபடியே தருமாறு கேட்டார். 2002இல் ஏ9 வீதி திறந்த பின் இவ்வாறு கேட்டு வந்தவர்கள் பலர். அவர் சொன்ன விலை என் இரண்டு வருட ஓய்வூதியத்துக்குச் சமம். கனடாவிலுள்ள என் மகன் தொலைபேசியிலே, "வித்துப் போடுங்கோ அப்பா, உங்களுக்கு இந்த வயதிலை ஏன் இது" என்றான். இரண்டாவது யோசனை, வேறொரு புதிய எஞ்சினை இந்தச் சட்டத்திலே பூட்டுவது. மூன்றாவது, உள்ளதைச் செம்மையாகத் திருத்துவது.

எல்லாப் பழைய யந்திரத்தையும் திருத்தியே தீரவேண்டுமென்று நான் வாதிக்க வரவில்லை. அது பக்தியாகுமே தவிரப் புத்தியாகாது. பெரியவர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். வெளிக்கூடு பிளவில்லாமல் இருக்கிறதா? குடைந்தெடுக்கச் சிலிண்டரிலே சுவர் மிச்சம் இருக்கிறதா? பாகங்களை நியாயமான செலவிலே பெறவோ செய்யவோ முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால் திருத்தலாம். ஒன்றுக்கு இல்லையென்றால் யோசிக்க வேண்டும். இரண்டுக்கு இல்லையென்றால் வண்டியைக் கும்பிட்டு, அதன் பாகங்களை இன்னொரு வண்டிக்குக் கொடுப்பதே உத்தமம். உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு அளவுகோலை எடுக்கச் சொன்ன இந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. விற்றால் அவருக்கு வேலை இல்லை. ஆயினும் விற்கக் கூடாதென்று அவர் ஒருமுறையும் சொல்லவில்லை.

அளந்தோம். சிலிண்டரை அங்குலத்தின் ஆயிரத்தில் நாற்பது பங்கு பெரிதாக்கிக் குடைந்தால் கீறல் மறையும். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். முன்பு ஒருமுறை இருபது பங்கு குடைந்தாயிற்று. இன்னும் சுவர் உண்டு. அதற்கேற்ற பிஸ்டனை இங்கிலாந்திலிருந்து தபாலிலே வரவழைத்தோம். அந்தக் கம்பெனியின் பழைய தொழிற்சாலை மூடப்பட்டு ஐம்பது வருடமாகியும், அதன் வண்டிகளுக்குப் பாகம் செய்து விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கிராங்கின் ஊசியையும் உருளைகளையும் மாற்றி, இரு பக்கத்துப் பார உருளிகளும் ஒரே அச்சிலே சுழலுகின்றனவா என்று லேத்திலே பிடித்து அளவுமானி வைத்துப் பார்த்த நாள், அக்கொட்டிலிலே ஒரு பேச்சுமில்லை. முள் நடுங்காமல் நிற்கும்வரை தட்டித் தட்டிச் சரிசெய்தார். பிரித்த பாகமெல்லாம் கழுவப்பட்டது மண்ணெண்ணெயிலேதான். ஒருகாலத்திலே உள்ளே புகுந்து கெடுத்தது, இப்போது தட்டத்திலே நின்று களியைக் கழுவிக்கொடுத்தது.

மொத்தச் செலவு, விலை கேட்டவர் தரவிருந்த தொகையிலே நாலிலொன்றும் இல்லை. ஆனால் மூன்று மாதம் சென்றது.

அந்த மூன்று மாதமும் கொட்டிலிலே ஒரு மூலையிலிருந்து பார்த்த எனக்கு, வண்டியிலும் பெரிய கவலை ஒன்று பிடித்துக்கொண்டது. பெரியவரின் ஒரு கண்ணிலே புரை. அளவுமானியின் முள்ளை அவருக்கு வாசித்துச் சொன்னது அந்த இளைஞன்தான். அவனோ வெளிநாடு போவதற்குக் கடவுச்சீட்டு எடுத்து வைத்திருக்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை, என் பிள்ளையும் போனவன்தானே. ஆனால் அவன் போய், பெரியவரும் கை ஓய்ந்தால், துணியிலே ஒயிலை வடித்துக் காந்தம் பிடிக்கும் அறிவு எங்கே இருக்கும்? ஒரு தாளிலே எழுதப்படவில்லை. பழைய வண்டியைத் தெற்கே விற்றால் வண்டி மட்டும் போகும், நாட்டிலே எங்கேயோ பத்திரமாக இருக்கும். கைப்பழக்கம் போனால் அதை விலைக்கு வாங்க முடியாது.

நமது முன்னோர் இதற்கு வழி காட்டாமலில்லை. எங்கள் உடுவிலுக்கு அயலூரான மானிப்பாயிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டில், அமெரிக்க மிஷன் வைத்தியரான டாக்டர் கிறீன் தமிழ் மாணவருக்கு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு முதலிய நூல்களைத் தமிழாக்கி, எலும்புக்கும் நரம்புக்கும் சொல் தேடினார். மனித உடம்பின் பழுதைத் தமிழிலே எழுத அன்றே முடிந்தபோது, யந்திரத்தின் பழுதைத் தமிழிலே எழுத இன்று ஏன் முடியாது? கராச்சுக்காரரிடம் ஏற்கனவே சொற்கள் உண்டு. ஆங்கிலமும் தமிழும் கலந்த அச்சொற்களைப் பரிகசிக்காமல் அப்படியே எழுதினாற் போதும். பண்டிதர்கள் பிறகு திருத்திக்கொள்ளட்டும்.

ஆகவே என் யோசனை இது. நம் பாடசாலைகளிலே உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013ஆம் ஆண்டு முதல் உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகிறது. இந்த மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர்க் கராச் ஒன்றிலே சில வாரம் குந்தியிருந்து, ஒரு பழுதின் வரலாற்றை எழுதட்டும். வண்டி எப்படி நின்றது, திறந்தபோது என்ன கண்டது, அளவு என்ன, காரணம் என்ன, செய்த பரிகாரம் என்ன, ஒரு வருடத்தின் பின் அது நிலைத்ததா? நாட்டு வைத்தியர் ஏட்டிலே குறித்து வைத்ததுபோல, நூறு பழுதுகளின் குறிப்பேடு ஒன்று தமிழிலே உருவானால், அது பட்டப்படிப்புக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரு பாலமாகும். பெண்பிள்ளைகளும் இதிலே சேர வேண்டும். 1824ஆம் ஆண்டிலே பெண்களுக்கென விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கிய ஊர் உடுவில். இருநூறு வருடம் கழித்தும் பெண்பிள்ளை கராச்சுக்குள் போனால் ஊர் சிரிக்குமென்று அஞ்சுவது அந்த வரலாற்றுக்கு அழகன்று.

கராச்சுக்காரரும் ஒன்றைச் செய்ய வேண்டும். மாற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளரிடம் காட்டி, ஏன் பழுதானது என்று சொல்ல வேண்டும். எங்களைப் போன்ற சொந்தக்காரர், அதைக் கேட்க நேரம் ஒதுக்க வேண்டும். "எவ்வளவு? எப்போது?" என்ற இரண்டு கேள்வியோடு போகும் நாம், "ஏன்?" என்ற மூன்றாவதைக் கேட்டால், தொழில் தெரிந்தவனுக்கு மதிப்பும், தெரியாதவனுக்குப் பயமும் உண்டாகும்.

வைகாசி விசாகத்துக்கு முதல்நாள் வண்டி பொருத்தி முடிந்தது. கொட்டிலின் வாசலிலே நிறுத்தி, அந்த இளைஞன்தான் மிதியை உதைத்தான். இரண்டாம் உதையிலே எழும்பியது. நான் சந்தோஷத்திலே இருக்கையில் ஏறப் போனேன். பெரியவர் மீண்டும் கையைக் காட்டித் தடுத்தார். ஒயில் தாங்கியின் மூடியைத் திறந்து, "குனிஞ்சு பாருங்கோ மாஸ்டர்" என்றார். சிறு குழாயிலிருந்து ஒயில் விட்டு விட்டு உள்ளே விழுந்துகொண்டிருந்தது. இளைஞனையும் கூப்பிட்டுக் காட்டினார். மூவரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம்.

முதல் ஐந்நூறு மைலுக்கு முப்பது மைல் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்பது உத்தரவு. புதிய பிஸ்டனும் பழைய சிலிண்டரும் ஒன்றையொன்று அறிய அவகாசம் வேண்டுமாம். சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளைகள்கூடக் கோயில் வளைவிலே என்னை முந்திக்கொண்டு போகிறார்கள். போகட்டும். காலையிலே அந்த அரை நிமிஷம் குனிந்து பார்த்துவிட்டே நான் புறப்படுகிறேன்.